வளரும் உடலும் வன்மையான ஆட்டமும்

விளையாட்டு உடலை வளர்க்கும் என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் அதே விளையாட்டு உடலிடமிருந்து எதனைக் கேட்டு வாங்குகின்றது என்பதை நாம் அத்துணை ஆழமாக எண்ணிப் பார்ப்பதில்லை. முழு வளர்ச்சி பெற்ற ஆண்மகனிடம் அது கேட்பது ஒன்று. 13 வயதுச் சிறுவனிடம் கேட்க வேண்டியது மற்றொன்று. இந்த வேற்றுமையை மறந்தால் நேரும் தீங்கையும், மனத்திற் கொண்டால் விளையும் நன்மையையும் தெளிவாகக் காட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. அதுவே ரக்பி.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் சடுகுடுவும் பழக்கமான அளவிற்கு ரக்பி பழக்கமானதன்று. எனினும் சடுகுடு அறிந்தவர்கட்கு இதனை விளக்குவது எளிது. ஓடி வருபவனைப் பலர் சேர்ந்து மடக்கிப் பிடிக்கும் சடுகுடுவின் வேகத்தையும், கால்பந்து மைதானத்தின் நீள அகலத்தையும் ஒன்று சேர்த்தால் ரக்பியின் தோற்றம் ஓரளவு மனக்கண்ணில் எழும். அணிக்கு 15 பேர். முட்டை வடிவிலான பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டிற்கு அப்பால் தரையில் பதிக்க வேண்டும். கையால் எறிவதாயின் பின்புறமாகவே எறியலாம். முன்னே எறிதல் ஆகாது. பந்தோடு ஓடுபவரைக் கைகளால் வளைத்துத் தரையில் வீழ்த்தலாம். இதற்கு ‘டாக்கிள்’ என்று பெயர்.

இவ்விளையாட்டு பிறந்ததே பள்ளிச் சிறுவரிடையேதான். இங்கிலாந்தின் ரக்பி நகரத்துப் பள்ளியில் 1823-ஆம் ஆண்டு வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் மாணவர், கால்பந்து ஆடுகையில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. அக்கதைக்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் 1845-இல் அப்பள்ளி மாணவர்களே ஆட்ட விதிகளை முதன்முதலாக எழுத்தில் வடித்தனர் என்பது வரலாறு. 1871-இல் இங்கிலாந்தின் ரக்பிச் சங்கம் உருவாயிற்று. ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் ஆட்டமும் சென்றது. கல்கத்தாவில் இருந்த ரக்பிக் கழகம் ஆட்கள் குறைந்து கலைந்தபோது, வங்கியில் எஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கிண்ணம் செய்து 1878-இல் இங்கிலாந்திற்கு அளித்தது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அந்தக் ‘கல்கத்தாக் கிண்ண’த்திற்காகவே மோதுகின்றன.

பள்ளிகளில் இந்த ஆட்டம் வேரூன்றிய நாடுகள் பல. அயர்லாந்தின் லென்ஸ்டர் மாகாணப் பள்ளிகளின் கோப்பைப் போட்டி 1887-இல் தொடங்கியது. துறவற சபையினர் நிறுவிய கத்தோலிக்கப் பள்ளிகள் பல அதில் முன்னணியில் நிற்கின்றன. நமக்கு அருகே இலங்கையில், கண்டியிலுள்ள கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1906-இலேயே பள்ளிகளுக்கிடையிலான ஆட்டத்தை ஆடின. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டித் திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்திற்காகப் போட்டியிட்டு வருகின்றன. அந்நாளில் இரு நகரத்துக் குடும்பங்களும் மைதானத்தில் திரண்டிருக்கும்.

இவ்வாறு சிறுவரிடையே பிறந்த ஆட்டம், காலப்போக்கில் பெரியவர்களின் ஆட்டமாக வளர்ந்து, பெரியவர்களின் உடலுக்கேற்ற விதிகளோடு மீண்டும் சிறுவரிடம் திரும்பி வந்தது. இங்கேதான் நம் சிந்தனைக்குரிய செய்தி தொடங்குகின்றது.

ஓர் ஆட்டம் கேட்கும் உழைப்பு

பெரியவர்களின் ஆட்டம் 80 நிமிடம் நடைபெறும். 19 வயதுக்கு உட்பட்டோர்க்கோ பகுதிக்கு 35 நிமிடமாக 70 நிமிடமே. அதற்கு மேல் கூடுதல் நேரமும் கிடையாது. பத்து நிமிடம்தானே குறைவு என்று எண்ணலாகாது. களைத்த உடலே காயத்திற்கு எளிதில் இடங்கொடுக்கும். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களே மிகுந்த களைப்பின் நிமிடங்கள்.

அணியில் எண்மர் முன்னணி வீரர். எழுவர் பின்னணி வீரர். முன்னவர் பந்துக்காகத் தள்ளியும் முட்டியும் போராடுவர். பின்னவர் பந்தைப் பெற்று விரைந்தோடுவர். இவ்விரு திறத்தாரின் உழைப்பும் ஒருபடித்தானதன்று. 19 வயதுக்கு உட்பட்ட தேர்ந்த வீரர்களை ஆராய்ந்து 1998-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இதனைக் காட்டிற்று. ஓர் ஆட்டத்தில் முன்னணியினர் 4 கிலோமீட்டருக்குச் சற்று மேலும், பின்னணியினர் ஐந்தரைக் கிலோமீட்டர் அளவிலும் ஓடி நடந்திருந்தனர். தூரத்தைப் பார்த்தால் முன்னணியினர் குறைவாக உழைத்ததாகத் தோன்றும். ஆனால் ஆட்ட நேரத்தின் பாதிக்கும் மேலாக அவர்களுடைய இதயம், தன் உச்சத் துடிப்பின் 85 விழுக்காட்டைக் கடந்தே துடித்துக் கொண்டிருந்தது. தள்ளுவதும், மல்லுக்கட்டுவதும், விழுவதும், உடனே எழுவதும் தூரக் கணக்கில் ஏறுவதில்லை. இதயத்தின் கணக்கில் ஏறிவிடுகின்றன.

மேலும், இவ்வுழைப்பு சீரானதன்று. சில நொடிகள் முழு வேகத்தில் ஓட்டம், அடுத்து மோதல், அடுத்து சிறிது நடை, மீண்டும் ஓட்டம் என்று மாறி மாறி வரும். வயலில் நாள் முழுதும் நிதானமாக உழைப்பவனுக்கு வேண்டிய தாங்கும் ஆற்றல் ஒருவகை. மூட்டையைத் தூக்கி ஓடி, இறக்கி, மீண்டும் தூக்குபவனுக்கு வேண்டியது மற்றொருவகை. ரக்பி இரண்டையும் ஒருசேரக் கேட்கின்றது. வெப்பமும் ஈரக் காற்றும் மிகுந்த நாடுகளில் உடலின் சூட்டைத் தணிக்கும் வேலையும் இதனோடு சேர்ந்துகொள்ளும். அத்தகைய இடங்களில் இடையிடையே நீர் அருந்த நிறுத்துவதைச் சலுகை என்று கருதலாகாது. அது கட்டாயத் தேவை.

வயது ஒன்று, உடல் வேறு

ஒரே வகுப்பில் பயிலும் 13 வயதுச் சிறுவர் இருவரைப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பிவிட்டது; குரல் உடைந்துவிட்டது. மற்றவனோ இன்னும் குழந்தை முகம் மாறாதவன். பிறந்த நாள் கணக்கில் இருவரும் ஒரே வயதினர். எலும்பின் முதிர்ச்சியைக் கணக்கிட்டால் இருவருக்கும் இடையே சில ஆண்டுகள் இடைவெளி இருக்கக்கூடும். ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் 13, 14 வயதளவில் மிக வேகமாக உயர்கின்றனர். ஆண்டொன்றுக்கு 9 அல்லது 10 சென்டிமீட்டர் வளர்வதும் உண்டு. உயரம் முந்திக்கொள்ளும், உடலின் பளுவும் தசையின் வலிமையும் சில மாதங்கள் கழித்தே பின்தொடரும். ஆகவேதான் திடீரென வளர்ந்த பையன் சில காலம் கைகால் ஒழுங்கின்றித் தடுமாறுகின்றான். அவனைச் சோம்பேறி என்று கடிதல் அறியாமை.

எலும்புகள் நீளும் இடங்களில் மெல்லிய குருத்தெலும்புப் பகுதிகள் உள்ளன. வளர்ச்சி முடியும்வரை அவை கெட்டிப்படுவதில்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் வளரும் பிள்ளைகட்கு உண்டாகும் வலி பலருக்கும் தெரிந்ததே. ஓட்டமும் தாவலும் மிகுந்தால், தொடைத் தசையின் நாண் இவ்விடத்தை இழுத்து நோகச் செய்கின்றது. அதற்கு மருந்து பெரும்பாலும் ஓய்வே.

இத்தகைய இருவரை எதிரெதிரே நிறுத்தி மோதவிட்டால் விளைவு யாதாகும்? இதனை உணர்ந்தே நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வயதோடு எடையையும் கணக்கிட்டு அணிகளைப் பிரிக்கும் வழக்கம் ஏற்பட்டது. இங்கிலாந்தில் 8 வயதுக்கு உட்பட்ட சிறார்க்கு டாக்கிள் கிடையாது. இடுப்பில் தொங்கும் நாடாவைப் பறித்துவிட்டால், ஓடுபவன் பிடிபட்டதாகக் கொள்ளப்படும். இவ்வாறு உடல் தயாராவதற்கேற்பப் படிப்படியாகவே மோதல் சேர்க்கப்படுகின்றது.

பருமனே வெற்றி தரும் என்னும் எண்ணம் மற்றொரு கேட்டையும் உடன் கொணர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் மாநிலங்களின் பள்ளி அணிகள் மோதும் கிரேவன் வாரம் 1964 முதல் புகழ்பெற்றது. அதில் சிறந்து ஆடுபவர்க்கு வருவாய் தரும் எதிர்காலம் திறக்கக்கூடும். 2018-ஆம் ஆண்டு நடந்த அவ்வாரத்தில் எடுக்கப்பட்ட சோதனையில், தசையைப் பெருக்கும் தடைசெய்யப்பட்ட மருந்தை உட்கொண்டதாக ஆறு மாணவர்கள் கண்டறியப்பட்டனர். அம்மருந்துகள் எலும்பின் வளர்ச்சியை முன்னதாகவே முடித்துவிடக் கூடியவை; ஈரலுக்கும் இதயத்திற்கும் கேடு விளைப்பவை. காய் தானே கனிய வேண்டும். தடியால் அடித்துக் கனிய வைத்தல் இயலாது.

கழுத்தைக் காத்த கல்வி

ரக்பியில் நேரும் காயங்களில் ஏறத்தாழப் பாதி டாக்கிளின்போதே நேர்கின்றன. வீழ்த்தப்படுபவர்க்கு மட்டுமன்றி, வீழ்த்துபவர்க்கும் ஆபத்து உண்டு. தலையைத் தவறான பக்கம் வைத்துப் பாய்பவன், எதிராளியின் முழங்காலிலோ இடுப்பிலோ தன் தலையைத் தானே மோதிக்கொள்கின்றான். நிமிர்ந்த நிலையில் பாய்ந்தால் தலையும் தலையும் முட்டும். இதனால் இங்கிலாந்தில் 2023 ஜூலை முதல், தொழில்முறை அல்லாத ஆட்டங்களில் நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும் என விதி செய்யப்பட்டது.

அடுத்தது ‘ஸ்க்ரம்’ எனப்படும் கூட்டுத் தள்ளல். ஒவ்வோர் அணியிலும் எண்மர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, எதிரணியின் தலைகளுக்கிடையே தம் தலைகளைச் செலுத்தி, ஒரே மூச்சில் தள்ளுவர். இந்த அணிவகுப்பு சரிந்தால், பின்னாலிருந்து வரும் பளு முழுவதும் முன்வரிசையினரின் கழுத்தில் இறங்கும். முதுகுத்தண்டு நரம்பு அறுபட்டு, வாழ்நாள் முழுதும் சக்கர நாற்காலியில் அமர்ந்த இளைஞர் உளர். இளைஞர் விதிகளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் எதிரணியைத் தள்ளக்கூடாது என்பது இதனாலேயே. 2013-இல் எல்லா நிலைகளிலும் முறை மாற்றப்பட்டு, முன்வரிசையினர் முதலில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்ட பின்னரே இணைய வேண்டும் என்றாயிற்று. இதனால் இணையும் கணத்தின் மோதல் விசை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

விதியைவிடப் பெரியது பயிற்சி. நியூசிலாந்தில் 2001-இல் ‘ரக்பி ஸ்மார்ட்’ என்னும் திட்டம் தொடங்கியது. பயிற்சியாளர்களும் நடுவர்களும் ஆண்டுதோறும் பாதுகாப்புக் கல்வி பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை. முந்தைய ஆண்டுகளின் கணக்குப்படி 2001 முதல் 2005 வரை முதுகுத்தண்டில் கடுங்காயம் அடைவோர் 19 பேரளவில் இருந்திருக்க வேண்டும். உண்மையில் எண்மரே அடைந்தனர். ஸ்க்ரமினால் மட்டும் 9 பேர் என எதிர்பார்த்த இடத்தில் ஒருவரே காயமுற்றார். விளையாட்டு நிறுத்தப்படவில்லை, விளையாடக் கற்பிக்கும் முறையே திருத்தப்பட்டது. அதனால் சில இல்லங்கள் கண்ணீரிலிருந்து காக்கப்பட்டன.

கண்ணுக்குத் தெரியாத காயம்

எலும்பு முறிந்தால் வீக்கம் தெரியும். தோல் கிழிந்தால் குருதி தெரியும். மூளை அதிர்ச்சிக்கு இவ்வாறான வெளியடையாளம் இல்லை. மண்டையோட்டினுள் மூளை குலுங்கும்போது அதன் நுண்ணிய வேலைகள் நிலைகுலைகின்றன. பெரும்பாலோர் மயங்கி விழுவதும் இல்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கண்கூச்சம், ‘இப்போது எந்தப் பகுதி ஆட்டம்?’ என்று கேட்டால் விழித்தல் ஆகியவையே அறிகுறிகள். வளரும் மூளை தேறுவதற்குப் பெரியவர்களுடையதைவிடக் கூடுதல் நாட்கள் தேவைப்படலாம். அது தேறுமுன் இரண்டாம் முறை அடிபட்டால், அரிதாக மூளை திடீரென வீங்கி உயிரைப் பறித்துவிடும்.

2011 ஜனவரியில் வட அயர்லாந்தில் 14 வயது மாணவர் ஒருவர் பள்ளிகளுக்கிடையிலான ரக்பி ஆட்டத்தில் ஆடினார். ஆட்டத்தினிடையே தலையில் அடிபட்டது. எனினும் தொடர்ந்து ஆடினார்; மீண்டும் மோதல் நேர்ந்தது. களத்திலேயே சாய்ந்த அவர், மருத்துவமனையில் ஓரிரு நாளில் உயிர் துறந்தார். தாயார் அன்று களத்தின் ஓரத்தில் நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த தலையடிகளே மகனின் உயிரைப் பறித்தன என்று 2013-இல் நடந்த மரண விசாரணை கூறிற்று.

அதே 2013-ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் ஒட்டாவா நகரில் 17 வயது மாணவி ஒருவர், தம் பள்ளி ரக்பி அணியின் தலைவி, ஆறு நாட்களுக்குள் மூன்று முறை தலையில் அடிபட்டு இறந்தார். தமக்கு மூளை அதிர்ச்சியாக இருக்கலாம் என்று அவரே ஐயுற்றிருந்தார். தோழியரிடம் தெரிவித்தும் இருந்தார். ஆனால் ‘நீ இன்று ஆடக்கூடாது’ என்று சொல்லும் இடத்தில் இருந்த பெரியவர் எவர்க்கும் அச்செய்தி எட்டவில்லை. அவருடைய பெற்றோர் துயரத்தில் அமிழ்ந்துவிடாமல் பிற பிள்ளைகளுக்காகப் போராடினர். 2015-இல் நடந்த விசாரணையில் 49 பரிந்துரைகள் செய்யப்பட்டன. 2018-இல் ஒன்டாரியோ மாநிலம் அப்பெண்ணின் பெயராலேயே ‘ரோவன் சட்டம்’ இயற்றிற்று. மூளை அதிர்ச்சி என ஐயம் எழுந்த உடனேயே வீரரைக் களத்திலிருந்து அகற்ற வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துவது யாது? இருவரும் கோழைகள் அல்லர்; துணிவு மிக்கவர்கள். அவர்களுக்குத் தங்களைக் காத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று கூறுவதும் பொருந்தாது. குலுங்கிய மூளையே தன் நிலையை எடைபோட்டுக் கொள்வது எங்ஙனம்? அணியைக் கைவிடக்கூடாது என்னும் நல்லெண்ணமே அவ்வயதில் வாயை அடைத்துவிடுகின்றது. ஆதலால் ‘எனக்கு ஒன்றுமில்லை, ஆடுகின்றேன்’ என்று பிள்ளை சொல்வதே முடிவாகிவிடக் கூடாது. அந்தச் சுமையைப் பிள்ளையின் தோளிலிருந்து இறக்கிப் பெரியவர்கள் ஏற்க வேண்டும்.

தடை செய்துவிடலாமா?

இவ்வினாவை நேர்மையோடு எழுப்பியவர்கள் உண்டு. 2016 மார்ச்சில் 70-க்கும் மேற்பட்ட மருத்துவர்களும் அறிஞர்களும் பிரிட்டிஷ் அரசிற்குத் திறந்த மடல் எழுதி, பள்ளிகளின் ரக்பியில் டாக்கிளைத் தடைசெய்யுமாறு வேண்டினர். பல பள்ளிகளில் இது கட்டாய விளையாட்டு. விரும்பாத பிள்ளையும் மோதலுக்கு உட்படுத்தப்படுகின்றான் என்பது அவர்களுடைய வாதத்தின் வலுவான பகுதி. அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரிகள் அதே ஆண்டில் இவ்வேண்டுகோளை ஏற்க மறுத்தனர். தக்க மேற்பார்வையோடு கற்று ஆடுவதனால் கிட்டும் நன்மை, ஆபத்தைவிட மிகுதி என்பது அவர்கள் கருத்து.

இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆயினும் ‘தக்க மேற்பார்வை’ என்னும் சொற்களிலேயே வழக்கு முழுவதும் தங்கியுள்ளது. அது இருக்குமிடத்தில் இரண்டாம் தரப்பு சரி; இல்லாத இடத்தில் முதல் தரப்பே சரி.

மேற்பார்வை என்பது வெறுமனே ஓரத்தில் நின்று பார்ப்பதன்று. 2017-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு இதனை நன்கு காட்டும். 14 முதல் 18 வயது வரையிலான பள்ளி வீரர்களுக்கு, பயிற்சிக்கு முன் 20 நிமிட அளவில் சமநிலை, கழுத்து வலிமை, குதித்து இறங்கும் முறை ஆகியவற்றைக் கற்பிக்கும் உடற்பயிற்சிகள் தரப்பட்டன. வாரத்திற்கு மூன்று முறையேனும் இவற்றைத் தவறாது செய்த அணிகளில் ஆட்டக் காயங்கள் 72 விழுக்காடும், மூளை அதிர்ச்சி 59 விழுக்காடும் குறைந்திருந்தன. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒழுங்கு ஒன்றே.

நம் இல்லங்களுக்கு

நம் பிள்ளைகள் ரக்பி ஆடாமல் இருக்கலாம். ஆனால் சடுகுடுவில் மடக்கப்பட்டுத் தலை தரையில் மோதுவதும், கால்பந்தில் இருவர் தலை முட்டிக்கொள்வதும் நம் மைதானங்களிலும் நடப்பவையே. ஆகவே பெற்றோரும் பள்ளி நடத்துவோரும் சிலவற்றை நெஞ்சிற் பதித்துக்கொள்வது நலம்.

முதலாவது: பிள்ளையின் வயதைக் கேட்பதோடு நில்லாமல், அவனுடைய வளர்ச்சியையும் நோக்குங்கள். உருவில் பெரியவனையும் சிறியவனையும் மோதலில் எதிரெதிரே நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது: தலையில் அடிபட்டு, ஐயம் எழுந்தால், அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. 2023-இல் பிரிட்டனில் வெளியான வழிகாட்டுதல், அன்றே மீண்டும் ஆடுவதை முற்றிலும் விலக்குவதோடு, குறைந்தது 21 நாட்கள் கழியாமல் போட்டிக்குத் திரும்பலாகாது என்கின்றது. தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி வந்தாலோ, உறக்கத்திலிருந்து எழுப்ப இயலாமற் போனாலோ, வலிப்பு கண்டாலோ, கைகால் சோர்ந்தாலோ கணமும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். கழுத்து வலிக்கின்றது என்பவனைத் தூக்கி நிறுத்த முயலாதீர்கள். அசையாமல் படுக்க வைத்து உதவிக்கு ஆளனுப்புங்கள்.

மூன்றாவது: களத்தின் ஓரத்திலிருந்து நாம் எழுப்பும் கூக்குரலைச் சற்று எண்ணிப் பாருங்கள். ‘எழுந்திரு, ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு வலியா?’ என்று தந்தை கத்தும்போது, மகன் தன் வலியை மறைக்கக் கற்றுக்கொள்கின்றான். மைதானத்தில் மறைக்கக் கற்றவன் வீட்டிலும் மறைப்பான்.

நான்காவது: வெளியேறி அமர்ந்த பிள்ளையைத் தோற்றவனைப்போல் நடத்தாதீர்கள். ‘எனக்குத் தலை சுற்றுகின்றது’ என்று உண்மையைக் கூறும் துணிவு, எதிராளியை வீழ்த்தும் துணிவினும் குறைந்ததன்று. அதனைப் பாராட்டும் இல்லத்தில்தான் பிள்ளை அடுத்த முறையும் வாய் திறந்து பேசும்.

விளையாட்டு பிள்ளைகளுக்கு வேண்டும். வியர்வையும் வேண்டும், சிறு சிராய்ப்பும், தோல்வியைத் தாங்கும் மனமும் வேண்டும். பஞ்சில் பொதிந்து வளர்த்த உடல் எதற்கும் உதவாது. ஆனால் பிள்ளை எவ்வளவு தாங்குவான் என்பதைக் கோப்பையின் பளபளப்பைக் கண்டு முடிவு செய்தல் ஆகாது. அவனை அருகிருந்து அறிந்த பெரியவர்களே அதனை அளந்து கூற வேண்டும். இழந்த ஆட்டத்தை அடுத்த ஆண்டும் ஆடலாம். அதனை ஆடப் பிள்ளை நலமாய் இருக்க வேண்டும்.